வீட்டின் மேல் கடன் எடுத்துக் கஞ்சா வளர்க்கலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது, கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தின் பிரம்ப்ரன் நகரில் இருக்கிறேன். மனைவியின் அண்ணா மூலம் அறிமுகமான ஆலோசகர் ஒருவர், நயாகரா பக்கம் ஒரு பழைய கட்டடத்தை மைக்ரோ (சிறிய அளவு) கஞ்சா வளர்ப்பு இடமாக மாற்றும் திட்டத்தில் சேரச் சொல்கிறார். என் பங்கு 180,000 டொலர். வீட்டின் மேல் லைன் ஒஃப் கிரெடிட் எடுத்தால்தான் முடியும். 5,000 முற்பணம் கொடுத்துவிட்டேன். கடைகளில் நல்ல கஞ்சாப் பூவுக்குத் தட்டுப்பாடு, 2025 இல் வளர்க்கும் பரப்பை 200 சதுர மீற்றரில் இருந்து 800 ஆக உயர்த்திவிட்டார்கள், இதைவிட நல்ல நேரம் வராது என்கிறார். ஆனால் விற்காத கஞ்சாவை டன் கணக்கில் அழிக்கிறார்கள் என்றும் செய்தியில் பார்த்தேன். தட்டுப்பாடும் மிச்சமும் ஒரே நேரத்தில் எப்படி இருக்கும்? நான் சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். அடுத்த தவணையையும் கொடுக்க வேண்டாம். காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன். இந்தத் துறையில் வளர்ப்பவர்களுக்குக் கலால் வரிக் கணக்கு எழுதுவது என் தொழில். உங்களுடையதைப் போன்ற கேள்வியோடு பலர் வந்திருக்கிறார்கள், அவர்களில் பாதிப்பேர் காசைக் கொடுத்துவிட்ட பிறகுதான் வந்தார்கள். நீங்கள் 5,000 டொலரோடு நிறுத்திக் கேட்டதே பெரிய விஷயம்.

முதலில் அந்தத் தட்டுப்பாடு, மிச்சம் குழப்பம். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. மிச்சம் இருப்பது வளர்ப்பவரின் களஞ்சியத்தில், தட்டுப்பாடு தெரிவது கடைத் தட்டில். இடையில் ஒரு ஒடுக்கமான வாசல் இருக்கிறது. சோதனைச்சாலை, பொதி செய்யும் நிறுவனம், வரி கட்டியதைக் காட்டும் கலால் முத்திரை, ஓ.சி.எஸ் என்று நாம் சொல்லும் மாகாண மொத்த விற்பனை நிறுவனம், எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வாசல். ஒன்ராறியோவில் தனியார் கடைகள் எல்லாமே ஓ.சி.எஸ்ஸிடம்தான் வாங்க வேண்டும். ஓ.சி.எஸ் எந்தப் பொருளைப் பட்டியலில் சேர்க்கிறதோ அதுதான் தட்டுக்கு வரும். விற்பனை மந்தமானால் பட்டியலில் இருந்து எடுத்தும் விடுவார்கள். நீங்கள் எத்தனை கிலோ வளர்த்தாலும் அந்த வாசல் அகலப் போவதில்லை.

இன்னொன்று, கஞ்சாப் பூ அரிசி மாதிரி மூட்டை கட்டி வைத்திருந்து விலை ஏறியதும் விற்கும் சரக்கு இல்லை. காய்ந்து நொறுங்கும், மணம் போகும், போதை தரும் டி.எச்.சி என்ற பொருளின் அளவும் மெல்ல மெல்ல இறங்கும். வாங்குகிறவர் பொதியில் உள்ள டி.எச்.சி எண்ணையும் பொதி செய்த திகதியையும் பார்த்துத்தான் எடுக்கிறார். ஆறு மாதப் பழைய பூவைக் கடைக்காரர் தொடவே யோசிப்பார். அதனால் களஞ்சியத்தில் பத்து டன் இருக்கும்போதே, புதிதாய், மணத்தோடு, கூடிய எண்ணோடு வரும் ஒரு குறிப்பிட்ட வகை கடையில் இல்லாமல் போகலாம். உங்கள் ஆலோசகர் சொல்லும் தட்டுப்பாடு இதுதான். அந்தத் தரத்தில் முதல் அறுவடையிலேயே பூ எடுப்பவர்கள் மிகக் குறைவு. பத்து வருடம் வளர்த்துக் கைபழகியவர்களே சில தடவை பூஞ்சணம் வந்து முழு அறையையும் குப்பையில் போடுகிறார்கள். உங்கள் திட்டத்தில் வளர்க்கப் போவது யார் என்று நீங்கள் ஒரு வரி கூட எழுதவில்லை. அவர் உங்களுக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த மிச்சம் எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அதே கதையைத்தான் இப்போது உங்களிடம் திரும்ப விற்கிறார்கள். 2018 ஒக்டோபர் 17 இல் கனடாவில் கஞ்சா விற்பனையை அனுமதிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நிஜமாகவே தட்டுப்பாடு இருந்தது. கியூபெக்கின் அரச கடைகள் சரக்கில்லாமல் வாரத்தில் மூன்று நாள் பூட்டிக் கிடந்தன. அல்பேர்ட்டா புதிய கடை லைசன்ஸ் கொடுப்பதையே நவம்பரில் நிறுத்தி, அடுத்த மே மாதம்தான் திரும்பத் தொடங்கியது. ஒன்ராறியோ குலுக்கல் போட்டு 25 கடைக்கு மட்டும் இடம் கொடுத்தது. அந்தத் தலைப்புச் செய்திகளைப் பார்த்துத்தான் எல்லாரும் கஞ்சா வளர்க்கக் கண்ணாடிக் கூடங்கள் கட்டினார்கள். கட்டி, லைசன்ஸ் எடுத்து, செடி வைத்து, உலர்த்தி முடிக்க ஒன்றரை இரண்டு வருடம் ஆகும். வெங்காயம் விலை ஏறிய வருடம் எல்லாரும் வெங்காயம் நட்டால் அடுத்த வருடம் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. 2020 மார்ச்சில் கனபி குரோத் என்ற பெரிய கஞ்சா நிறுவனம் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏறத்தாழ 30 இலட்சம் சதுர அடி கண்ணாடிக் கூடத்தை மூடி, சுமார் 500 பேரை வேலையில் இருந்து நிறுத்தியது. 2021 இல் மட்டும் பொதி செய்யாத உலர்பூ 400 டன்னுக்கு மேல் அழிக்கப்பட்டது. ஒன்ராறியோவின் ஸ்மித்ஸ் ஃபோல்ஸில் ஹேர்ஷியின் சொக்கலேற் தொழிற்சாலை கஞ்சாத் தொழிற்சாலையாக மாறியது உங்களுக்கு நினைவிருக்கலாம். 2023 இல் அதை ஹேர்ஷியே திரும்ப வாங்கிக்கொண்டது.

அவர்களிடம் கோடிக்கணக்கில் பங்குச்சந்தைக் காசு இருந்தது. உங்களிடம் இருப்பது ஒரு வீடு.

இது கனடாவுக்கு மட்டும் வந்த நோய் என்றும் இல்லை. அமெரிக்காவில் ஒரேகன் மாநிலம் வளர்ப்பு லைசன்ஸுக்கு எல்லை வைக்காமல் கொடுத்தது. 2019 தொடக்கத்தில் அவர்களுடைய கட்டுப்பாட்டு ஆணையமே கணக்குப் பார்த்தபோது, கையில் இருந்த சரக்கு ஆறரை வருடத் தேவைக்குக் காணும் என்று வந்தது. மாநில எல்லை தாண்டி விற்கவும் கூட்டாட்சிச் சட்டம் விடாது. புதிய லைசன்ஸை நிறுத்துவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இங்கே வளர்ப்பு லைசன்ஸ் கொடுக்கும் மத்திய சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா அந்தக் கணக்கைப் பார்த்துக் கொடுப்பதில்லை. கட்டடம் சரியா, பாதுகாப்புச் சரியா, ஆட்களின் பின்னணி சரியா என்று பார்க்கும். சந்தையில் இன்னொருவருக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலையே இல்லை. கடைகளை மாகாணம் எண்ணுகிறது, வரியை ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசின் நிதி அமைச்சு தீர்மானிக்கிறது, சி.ஆர்.ஏ என்ற மத்திய வரித் திணைக்களம் வசூலிக்கிறது. ஒருவர் செய்வதை இன்னொருவர் திரும்பிப் பார்ப்பதில்லை. எனவே லைசன்ஸ் கிடைத்துவிட்டது என்பதை "சந்தை உங்களை வரவேற்கிறது" என்று யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால் நம்பாதீர்கள். கதவுக்குச் சரியான பூட்டுப் போட்டிருக்கிறீர்கள் என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

இந்த வெளிச்சத்தில் அந்த 800 சதுர மீற்றரைப் பாருங்கள். 2025 மார்ச்சில் மைக்ரோ வளர்ப்பின் செடிப் பரப்பு 200 இல் இருந்து 800 ஆனது உண்மை. ஆலோசகர் இதை "நாலு மடங்கு வருமானம்" என்று சொல்லியிருப்பார். ஆனால் சட்டம் உங்களுக்கு மட்டும் மாறவில்லை. ஏற்கனவே லைசன்ஸும் அனுபவமும் வாங்குகிற ஆளும் வைத்திருக்கும் அத்தனை மைக்ரோ வளர்ப்பாளர்களுக்கும் அதே நாளில் மாறிவிட்டது. அவர்களுக்கு இன்னொரு அறை கட்டினால் போதும், நீங்கள் எல்லாவற்றையும் தொடக்கத்தில் இருந்து கட்ட வேண்டும். புகைப்பவர்கள் எண்ணிக்கை நாலு மடங்கு ஆகவில்லை. அப்படியென்றால் விலை எந்தப் பக்கம் போகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

விலை இறங்கும்போது அடி யாருக்கு விழும் என்பதுதான் இதில் முக்கியமானது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். உலர்பூவுக்குக் கலால் வரி கிராமுக்கு 1 டொலர், அல்லது விலையில் 10 வீதம், இரண்டில் எது கூடவோ அது. கிராம் 10 டொலர் விற்கும் என்ற நினைப்பில் போட்ட கணக்கு அது. 10 டொலருக்கு விற்றால் 1 டொலர் பெரிய பாரமில்லை. இப்போது விலை அந்தப் பக்கமே இல்லை. ஒரு பேச்சுக்கு, பொதி செய்யும் நிறுவனம் ஓ.சி.எஸ்ஸுக்குக் கிராம் 3.50 டொலருக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரி 1 டொலர் போனால் 2.50. பொதி, சோதனை, போக்குவரத்து, அவர்களுடைய இலாபம் என்று 1.50 போனால் உங்களுக்கு 1 டொலர். இனி மிச்சச் சரக்கால் விலை 50 சதம் இறங்கி 3 டொலர் ஆகிறது. வரி அதே 1 டொலர். பொதிச் செலவும் அதே. அந்த 50 சதமும் உங்கள் பங்கில் இருந்துதான் போகும். சந்தை விலை ஏழில் ஒரு பங்குதான் இறங்கியது, உங்கள் வருமானம் பாதியாகிவிட்டது. "வளர்ப்பவர் நேரடியாகக் கலால் வரி கட்டுவதில்லை, பொதி செய்பவர்தானே கட்டுகிறார்" என்று ஆலோசகர் சொல்லுவார். காசோலையை அவர் எழுதுகிறார், சுமை உங்களுடையது. அவர் தந்த கணக்குத் தாளைத் திறந்து பாருங்கள். ஐந்து வருடத்துக்கும் ஒரே விலை போட்டிருந்தால் அந்தத் தாளை மூடிவிடலாம்.

இந்த 1 டொலர் வரியைப் பற்றி வளர்ப்பவர்கள் வருடக் கணக்கில் கத்தியாகிவிட்டது. கஞ்சாச் சட்டத்தை மீளாய்வு செய்த நிபுணர் குழுவும் 2024 மார்ச் அறிக்கையில் இந்த வரியைத் திரும்பப் பார்க்கச் சொன்னது. ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் காத்திருந்து காத்திருந்து என் வாடிக்கையாளர்கள் மூன்று பேர் தொழிலையே மூடிவிட்டார்கள். மிச்சம் வரும்போது தானாக இறங்கும் வரியாக இருந்திருந்தால் அவர்களில் ஒருவராவது தப்பியிருப்பார் என்று நம்புகிறேன். அதை மாற்றப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை, சட்டத்தில் ஒரு வசனம் எழுதினால் போதும். அதற்குக்கூட ஒட்டாவாவில் ஆளில்லை.

சரி, இனி ஆலோசகர்கள். எல்லாரும் மோசமில்லை. ஆனால் நம்மவர்களிடம் வருகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்.

"விண்ணப்பம் போட்டாயிற்று, வரிசையில் நிற்கிறோம்." அந்தக் கட்டடம் இன்னும் மாற்றப்படவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2019 மே 8 இல் இருந்து, முழுக்கக் கட்டி முடித்த இடத்துக்குத்தான் வளர்ப்பு லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டாத இடத்துக்கு வரிசை கிடையாது. இதில் உங்களுக்கு வரும் இன்னொரு ஆபத்து, முதலில் கட்ட வேண்டும், பிறகு காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் மாதமெல்லாம் வங்கி வட்டி உங்கள் தலையில்.

"லைசன்ஸ் உள்ள இடம் ஒன்று இருக்கிறது, உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறேன்." இந்தத் திட்டம் நழுவினால் அடுத்து இதைத்தான் கொண்டுவருவார். கஞ்சா லைசன்ஸைப் பெயர் மாற்ற முடியாது. அந்தக் கம்பனியின் பங்கைத்தான் வாங்கலாம். கம்பனியை வாங்கினால் அதன் கடனும் சேர்ந்து வரும். கலால் வரி பாக்கி வைத்திருக்கும் கம்பனிகள் இந்தத் துறையில் நிறைய. மலிவாகக் கிடைக்கிறது என்றால் ஏன் மலிவு என்று கேளுங்கள்.

"வாங்க ஆள் ரெடி, கடிதம் இருக்கிறது." அது விருப்பக் கடிதம். எடை, விலை, திகதி, எடுக்காவிட்டால் என்ன நட்டஈடு, இந்த நான்கும் இல்லாத கடிதத்துக்குப் பெறுமதி கிடையாது. நான்கும் இருந்தாலும் போதாது, எழுதித் தந்த நிறுவனம் அடுத்த வருடம் இருக்க வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவர், கணவனும் மனைவியும் இரவு பகலாய் நின்று எடுத்த அறுவடை முழுவதையும் ஒரு பொதி செய்யும் நிறுவனத்துக்கு 90 நாள் தவணையில் கொடுத்தார்கள். 70 ஆவது நாள் அந்த நிறுவனம் கடன் கொடுத்தவர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. வங்கி முன்னால் நின்றது, இவர்கள் வரிசையின் கடைசியில். அந்த அக்கா என் மேசைக்கு முன்னால் இருந்து, "நாங்கள் வளர்த்த பூ கடையில் விற்கிறது, நானே பார்த்தேன், எங்களுக்கு ஒரு சதம் வரவில்லை" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு முழுச் சரக்கையும் ஒரே ஆளுக்குத் தவணையில் கொடுக்கப் போவதாக யார் வந்து சொன்னாலும் நான் அந்த வேலையை ஏற்பதில்லை.

"உங்களையும் ஒரு டிரெக்டராகப் போடுகிறேன்." கேட்கக் கௌரவமாக இருக்கும். கம்பனி கலால் வரி கட்டாமல் விட்டால் அந்த நேரத்தில் டிரெக்டராக இருந்தவர்களிடம் சி.ஆர்.ஏ நேரடியாக வரலாம். போட்ட 180,000 போனதோடு முடியாது, வீடும் சம்பளமும் ஆபத்துக்குள் வரும். காசு போட்டாலும் போடாவிட்டாலும், கணக்குப் புத்தகம் உங்கள் கையில் இல்லாத கம்பனிக்கு டிரெக்டர் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவருடைய கட்டணத்தையும் பாருங்கள். மைக்ரோ விண்ணப்பத்துக்கு அரசுக்குக் கட்டுவது சில ஆயிரம் டொலர்தான். படிவங்கள் ஹெல்த் கனடாவில் இலவசம், வழிகாட்டியும் இலவசம். "லைசன்ஸ் உறுதி" என்று சொல்லிப் பெருந்தொகை கேட்பவர், தன்னிடம் இல்லாததை விற்கிறார்.

இதற்கெல்லாம் விதிவிலக்கே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. அதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியை மட்டும் அவர் உங்களிடம் சொல்லுவார். ஒன்ராறியோவில் கஞ்சா உற்பத்தியாளர் தன் இடத்திலேயே ஒரு கடை வைக்கலாம். தோட்டக் கடை என்று வையுங்கள், திராட்சைத் தோட்டத்தில் வைன் விற்பது மாதிரி. இங்கே அந்த ஒடுக்கமான வாசலில் நிற்கத் தேவையில்லை, வருகிறவர் நேரே உங்கள் பூவுக்காகவே வருகிறார், தட்டில் இடத்துக்குச் சண்டையும் இல்லை. வளர்ப்பவர் தன் சரக்குக்குத் தானே தேவையை உண்டாக்கிக்கொள்ளும் ஒரே வழி எனக்குத் தெரிந்து இதுதான்.

ஆனால் கவனியுங்கள். ஒரே ஒரு கடை, அதுவும் லைசன்ஸில் உள்ள அதே இடத்தில். மாகாணத்தின் மது, சூதாட்ட ஆணையத்திடம் கடைக்குத் தனி லைசன்ஸ் எடுக்க வேண்டும். அந்த ஊர் நகரசபை கஞ்சாக் கடைகளை அனுமதித்திருக்க வேண்டும். 2019 ஜனவரியில் வேண்டாம் என்று ஒதுங்கிய ஊர்கள் பல, சில பிறகு மனம் மாறின, மிஸிஸாகா 2023 இல்தான் சம்மதித்தது. அப்புறம், உங்கள் களஞ்சியத்தில் இருந்து பத்தடி தள்ளி இருக்கும் உங்கள் கடைக்குக்கூட உங்கள் பூ நேராகப் போக முடியாது. காகிதத்தில் ஓ.சி.எஸ்ஸுக்கு விற்று, அவர்களுடைய மொத்த விலையில் திரும்ப வாங்கித்தான் விற்க வேண்டும். சரக்கு இடத்தை விட்டு அசையாது, ஆனால் அவர்களுடைய பங்கு கழிந்துவிடும். கலால் முத்திரையும் ஒட்ட வேண்டும். இதெல்லாவற்றையும் விட முக்கியம், வெறும் மைக்ரோ வளர்ப்பு லைசன்ஸ் இதற்குப் போதாது. பொதி செய்து மாகாணத்துக்கு விற்கப் பதனிடும் லைசன்ஸும், அதில் விற்பனை அனுமதியும் வேண்டும், அல்லது அவை உள்ள இன்னொருவரிடம் கொடுத்துப் பொதி செய்விக்க வேண்டும். நான் பார்த்தவரை இதில் நின்று பிடிப்பவர்கள் அந்த மண்ணிலேயே குடியிருக்கிறவர்கள், வார இறுதியில் கடையில் தாங்களே நின்று வருகிறவரோடு பேசுகிறவர்கள். பிரம்ப்ரனில் வேலை, நயாகராவில் பங்கு என்று நடக்கும் தொழில் இது இல்லை. நீங்கள் குடும்பத்தோடு அங்கே போய் இருக்கத் தயார் என்றால் திரும்ப எழுதுங்கள், அது வேறு கணக்கு.

சிலர் "அப்படியென்றால் கடையாவது போடலாமா" என்று கேட்பார்கள். 25 கடையில் தொடங்கிய மாகாணம் 2020 இல் எல்லையை எடுத்ததும் ஆயிரத்துக்கு மேல் திறந்துவிட்டது, ஒரே தெருவில் நாலு. வேண்டாம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முற்பணம் கொடுத்தபோது கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக்கொண்டு, ஆலோசகர் காட்டும் வக்கீலிடம் போகாமல், நீங்களாகத் தேடிய ஒருவரிடம் போங்கள். ஒரு மணி நேரக் கட்டணம்தான் ஆகும். 5,000 திரும்பி வருமா என்பது அந்தத் தாளில் உள்ள வார்த்தையைப் பொறுத்தது. அதே நாளில் ஆலோசகருக்கு மின்னஞ்சலில், தொலைபேசியில் வேண்டாம், மூன்று கேளுங்கள்: கம்பனியின் பதிவுப் பத்திரமும் டிரெக்டர்களின் பெயரும், கட்டடத்தின் குத்தகை ஒப்பந்தமும் அதில் கஞ்சா வளர்க்க நகரசபையின் நிலப் பயன்பாட்டு விதி இடம் கொடுக்கிறது என்பதற்கான எழுத்தும், வளர்க்கப் போகிறவர் இதற்கு முன் எங்கே வளர்த்தார் என்ற விபரமும். இந்தப் பதில்கள் வந்து வக்கீல் பார்க்கும்வரை லைன் ஒஃப் கிரெடிட்டைத் திறக்கவே வேண்டாம், திறந்து வைத்தால் கை போகும். மனைவியின் அண்ணாவிடமும் இதைக் காட்டுங்கள். அவரும் காசு போட்டிருந்தால், அவருக்கும் இந்தக் கேள்விகள்தான்.